கையை உதறுறது ஏன்? ஆட்டிசம் உள்ளவங்களே சொல்ற பதில் இதுதான்!

மக்களே, ஒரு சின்ன சேலஞ்ச். இந்த வீடியோ ஓடுற வரைக்கும் காலை ஆட்டக் கூடாது, முடியைச் சுருட்டக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, கையில இருக்குற பேனாவை டிக்கு டிக்குனு அமுக்கக் கூடாது. சும்மா உக்காந்து பாக்கணும், அவ்ளோதான். ஸ்டார்ட்.

[திரையில்: ஓரத்துல டைமர் ஓடுது]

இன்னிக்கு டாபிக் ஸ்டிம்மிங், அதாவது ஒரே அசைவையோ சத்தத்தையோ திரும்பத் திரும்பப் பண்றது. ஆட்டிசம் உள்ளவங்கள்ல நிறைய பேரு கையைப் படபடன்னு உதறுவாங்க, உக்காந்த எடத்துலயே முன்னும் பின்னும் ஆடுவாங்க, நின்ன எடத்துல சுத்துவாங்க, ஒரே சத்தத்தை முனகிக்கிட்டே இருப்பாங்க, இல்ல வெளிச்சத்துக்கு நேரா விரலை விரிச்சு ஆட்டி ஆட்டி அந்த நிழல் மாறுறதையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. பாக்குறவங்களுக்கு "ஏன் இப்படிப் பண்றாங்க"ன்னு ஒரு பதட்டம் வந்துடும்.

ஹிஸ்டரி போர் அடிக்கும், ஒரே மூச்சுல சொல்லிடுறேன். 1943ல லியோ கேனர்னு ஒரு டாக்டர் 11 பிள்ளைங்களைப் பத்தி எழுதுன கட்டுரையிலயே இந்த அசைவுங்க வருது, 2013ல வந்த டிஎஸ்எம்-5லயும் (அமெரிக்க மனநல டாக்டர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்துற கையேடு) ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா இது இருக்கு, ஆனா ரொம்ப வருஷம் இதைப் பத்தி எழுதுனது எல்லாம் வெளியில நின்னு வேடிக்கை பாத்தவங்கதான். முடிஞ்சுது ஹிஸ்டரி.

2019ல ஸ்டீவன் கேப்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், தன்னோட டீமோட சேர்ந்து ஆட்டிசம் உள்ள 30க்கும் மேற்பட்டவங்களை உக்கார வச்சு ஸ்டிம்மிங் பத்தி நேராவே கேட்டாரு. எல்லாரும் பெரியவங்க. உடம்புக்குக் காயம் பண்ணாத ஸ்டிம்மிங் தனக்குப் பிடிக்கலன்னு ஒருத்தர் கூடச் சொல்லல. ஒருத்தர் கூட! பிடிக்காதது என்னன்னா அடுத்தவங்க முறைச்சுப் பாக்குறது, "நிறுத்து"ன்னு சொல்றது.

சரி, உள்ள என்னதான் நடக்குது? பலர் சொல்றது இதுதான். டியூப்லைட் ரீங்காரம், பக்கத்து ரூம் பேச்சு, கழுத்துல உரசுற சட்டை லேபிள், எவரோ அடிச்சுட்டு வந்த சென்ட்டு, எல்லாம் ஒரே வால்யூம்ல ஒரே நேரத்துல உள்ள வருது, எதையும் தள்ளி வைக்க முடியல. அந்தக் களேபரத்துல கையை உதறுற அந்த ஒரு அசைவு மட்டும் தன் கையில இருக்கு. அடுத்தது எப்ப வரும், எவ்ளோ வேகமா வரும்னு உடம்புக்கு முன்னாடியே தெரியும். மனசு அதைப் புடிச்சுக்குது.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச பார்ட், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஸ்கிப் பண்ணிடாதீங்க. முன்னும் பின்னும் ஆடுறது. குழந்தை அழுதா என்ன பண்றோம்? தொட்டில்ல போட்டு ஆட்டுறோம், தோள்ல போட்டுக்கிட்டு நம்மளே இப்படியும் அப்படியும் அசையுறோம், யாரும் சொல்லித் தரவேண்டியதே இல்ல. காதுக்குள்ள மூணு வளைஞ்ச குழாய் இருக்கு, அதுல இருக்குற திரவம்தான் தலை திரும்புறதை மூளைக்குச் சொல்லுது, அதை ஒட்டியே முன்ன பின்ன அசையுறதைக் கண்டுபிடிக்குற இன்னும் ரெண்டு சின்னப் பைங்க இருக்கு. 2011ல ஜெனீவாவுல என்ன பண்ணாங்க தெரியுமா, 12 ஆம்பளைங்களை, குழந்தைங்க இல்ல, நல்லா வளந்தவங்களை, மெதுவா ஆடுற கட்டில்ல மத்தியானம் தூங்க வச்சாங்க. ஆடாத கட்டிலை விட ஆடுற கட்டில்ல சீக்கிரமா தூங்கிட்டாங்க! மூளை அலையை அளந்து பாத்தா தூக்கமும் இன்னும் ஆழமாயிருக்கு. ஆக, அடுத்தவங்க ஆட்டிவிட்டா அது தாலாட்டு, மெஷின் ஆட்டுனா அது சயின்ஸ், ஒரு 25 வயசு ஆளு தானா உக்காந்து ஆடுனா மட்டும் "என்னாச்சு இவருக்கு"வா? என்னங்க நியாயம் இது! ராக்கிங் சேரை காசு குடுத்து வாங்கிப் போட்டிருக்குறவங்களை யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கோமா?

இன்னொண்ணு. ஸ்டிம்மிங்னாலே டென்ஷன்னு நினைச்சுக்காதீங்க. சந்தோஷத்துலயும் வரும். புடிச்ச விஷயத்தைப் பாத்ததும் அந்தக் குஷி நெஞ்சுல நிக்காம கை வழியா வெளிய கொட்டுது, அதைத் தடுத்தா சந்தோஷமே பாதியாயிடுதுன்னு சொல்றவங்க உண்டு. சிலருக்கு யோசிக்கும்போதும் வரும். சிலருக்குத் தான் பண்றதே தெரியாது.

2007ல மெல் பேக்ஸ்னு பேச்சு வராத ஒரு ஆட்டிசம் உள்ளவங்க யூடியூப்ல ஒரு வீடியோ போட்டாங்க. முதல்ல ராகம் மாதிரி ஒரு முனகல், ஆட்டம், பொருளைத் தேய்க்குறது. அப்புறம் டைப் பண்ணதை மெஷின் குரல் படிக்குது. குழாய்த் தண்ணியில விரலை விட்டு விளையாடுற சீன்ல அவங்க சொல்றது, இந்தத் தண்ணிக்கு மறைபொருள் எல்லாம் ஒண்ணும் இல்ல, நான் தண்ணியோட பழகுறேன், அது என்னோட பழகுதுன்னு. பாக்குற நாமதான் அதுக்கு அர்த்தம் தேடி மண்டையை ஒடைச்சுக்குறோம்.

ஆமா, நம்ம சேலஞ்ச் என்னாச்சு? கால் ஆடிடுச்சா? இல்ல, ஆடக் கூடாதுன்னே நினைச்சுக்கிட்டு இருந்ததுல நடுவுல நான் சொன்னது பாதி காதுல விழலையா? கிளாஸ்ல "கையைக் கட்டிக்கிட்டு உக்காரு"ன்னு சொன்னா ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதுதான் பல மடங்கா நடக்குது. கை அமைதியா இருக்கும், டீச்சரும் ஹாப்பி, ஆனா பாடம் உள்ள போயிருக்காது, ஏன்னா இருக்குற மொத்த கவனமும் கையை அடக்குறதுக்கே செலவாயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும். இதுல கொடுமை என்னன்னா, 1965ல ஐவர் லோவாஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 5 வயசு இரட்டைப் பிள்ளைங்களோட இந்த அசைவை நிறுத்த தரையில கரண்ட் ஷாக் வச்ச ஆய்வையே பப்ளிஷ் பண்ணியிருக்காரு. படிச்சப்ப எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

"அப்போ தலையைச் சுவத்துல இடிச்சுக்குற பிள்ளையை விட்டுடணுமா?"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். இல்லைங்க, அது வேற. காயம் ஆகுறதைத் தடுத்தே ஆகணும். ஆனா முதல்ல காதுவலியா பல்வலியான்னு பாருங்க, வலிக்குதுன்னு வாயால சொல்லத் தெரியாத பிள்ளையா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. சத்தம் அதிகமா இருந்தா அந்த எடத்தை விட்டுக் கூட்டிட்டுப் போங்க. கையைக் கடிக்குற பிள்ளைக்குக் கடிக்கன்னே செஞ்ச ரப்பர் பொருளு கிடைக்குது, அதைக் குடுங்க. வெறும் "நிறுத்து" மட்டும் வேலைக்கு ஆகாது.

ஆட்டிசம் உள்ளவங்க யாராவது பாத்துக்கிட்டு இருந்தா, உங்க ஸ்டிம் என்ன, அப்ப உள்ள எப்படி இருக்கும்னு கமெண்ட்ல எழுதுங்க, பின் பண்ணி வைக்குறேன். மத்தவங்க, தயவுசெஞ்சு அதுக்குக் கீழ போய் யோகா பண்ணுங்கன்னு அட்வைஸ் பண்ணாதீங்க, டெலிட் பண்ணிடுவேன்.