வெயிலில் வாடிய திராட்சையின் மது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் முன்னிருக்கும் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தை உடனே வாய்க்குக் கொண்டுபோகாமல், முதலில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். கருப்பட்டிப் பாகுபோலக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்ல வழிந்து இறங்குகிறதே, அதுதான் தெற்கு ஸ்பெயினில் ஆண்டலூசியா மக்கள் செய்யும் பெத்ரோ ஹிமேனெஸ் என்னும் இனிப்பு மது. மதுவுக்கும் அது பிறக்கும் திராட்சைக்கும் பெயர் ஒன்றே. அந்தத் திராட்சையோ வெள்ளைத் திராட்சை.

பிறகு இந்தக் கருமை எங்கிருந்து வந்தது? முதற்காரணம் வெயில். இத்திராட்சை மிகுதியாக விளைவது கோர்தொபா மாகாணத்து மொந்தீயா-மொரிலெஸ் பகுதியில். ஹெரெஸ் நகரத்தில் ஷெரி என்னும் மது செய்யும் கூடங்களுக்கும் பெரும்பாலும் அங்கிருந்தே இது போகிறது. பறித்த குலைகளைப் பாய்களில் பரப்பி, ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் வரை கொளுத்தும் வெயிலில் காயவிட்டு, குனிந்த முதுகு நிமிராமல் அவற்றைக் கையால் திருப்பிப் போடுகிறார்கள். பழம் சுருங்கிப் பழுப்பேறி உலர்திராட்சையாகும் தறுவாயில் பிழிந்தால், லிட்டருக்கு 400 கிராமுக்கும் மேலாகச் சர்க்கரை செறிந்த சாறு கெட்டியாகச் சொட்டும். அந்த இனிப்பில் ஈஸ்ட் திணறுகிறது. நொதித்தல் தொடங்கிய சற்று நேரத்திலேயே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து அதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே நாவில் படப்போகும் இனிப்பு அத்தனையும் பழத்தின் சொந்த இனிப்பு.

இரண்டாவது காரணம் காலம். அமெரிக்க ஓக் பீப்பாய்களை விளிம்புவரை நிரப்பாமல், காற்றுக்கு இடம்விட்டு வைப்பதால், மது ஆண்டுக்கணக்கில் காற்றோடு பழகிக் கருக்கிறது. மிகப் பழைய மது இருக்கும் பீப்பாய் வரிசைக்குச் சொலேரா என்று பெயர். அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதற்கு அடுத்த இளைய வரிசையிலிருந்து அந்தக் குறையை நிரப்புவார்கள். பீப்பாய் ஒருபோதும் காலியாவதில்லை என்பதால், நம் கிண்ணத்தில் எந்த ஒரு தனி ஆண்டின் மதுவும் இல்லை. பல ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன.

ஆண்டலூசியாவில் இதை வனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றியும் உண்பார்கள். இளைய மதுவுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் 30 ஆண்டுக்கு மேற்பட்டதெனச் சான்று பெற்ற ஒரு ஹெரெஸ் மதுவை அப்படி ஊற்ற என் மனம் ஒப்பாது. துணை வேண்டுமென்றால் நீலப் பூசணம் படர்ந்த காப்ராலெஸ் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு போதும். அதன் உப்பும் காரமும் இந்த இனிப்புக்கு அணை கட்டும்.

இப்போது ஒரு சிறு மிடறு மட்டும் எடுத்து, விழுங்காமல் நாக்கில் நிறுத்துங்கள். முதலில் உலர்திராட்சையும் அத்தியும் பேரீச்சையும் வரும். அவை தணிந்தபின் காப்பிக்கொட்டை, கருஞ்சாக்லேட். விழுங்கிய பிறகும் அவசரப்படாதீர்கள். நாக்கின் ஓரங்களில் மெல்லிய புளிப்பும், அடியில் வறுத்த கசப்பும் எழுகின்றன, கவனித்தீர்களா? இத்தனை சர்க்கரை திகட்டாமல் நிற்பது அவற்றால்தான்.