அரிவாளோடு நுழைய வேண்டிய நூலகம்

[திரையில்: வரிசை வரிசையாகக் கரும்பு, ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு பெயர்ப்பலகை]

இந்த நூலகத்தில் ஒரு புத்தகமும் இல்லை. எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் அரிவாள் வேண்டும்! கண்ணூரில் இருக்கிறது. உலகக் கரும்பு வகைகளைச் சேர்த்துக் காக்கும் தொகுப்புகள் இரண்டே இரண்டு: ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். இன்னொன்று இதுதான், பாலக்காட்டில் ரயில் ஏறினால் போதும்.

வரலாறு ஒரே வரிதான்: கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கிளை இது.

விதையை டப்பாவில் போட்டு வைத்தால் ஆகாதா? ஆகாது. கரும்பு விதை தாயைப்போல் முளைக்காது. கணுவோடு கரணை வெட்டி ஊன்றினால்தான் அதே ரகம் வரும். வெட்டுவதும் நடுவதும் ஓயாத வேலை. நடும்போது பெயர்ப்பலகை இடம் மாறினால் போச்சு!

இனி எனக்குப் பிடித்த பகுதி. தடித்த, சாறு நிறைந்த கரும்பை விடுங்கள். அந்த மூலையில் விரல் தடிமன்கூட இல்லாமல் நிற்கிறதே, நாணல், அதைப் பாருங்கள். பாரதப்புழை மணல்திட்டில் வெள்ளைப் பூவோடு நிற்கும் அதே புல். கடித்தால் பல்தான் வலிக்கும். 'வெள்ளை' என்ற நம் தடிக்கரும்பின் பூவில் இந்த நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள் கோயம்புத்தூர் நிலையத்து விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும். பிறந்தது கோ 205 ('கோ' என்றால் கோயம்புத்தூர்). 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. தடிக்கரும்பு தாக்குப்பிடிக்காத மண்ணில் இது நின்று விளைந்தது. இனிப்பு ஒரு பக்கம், முரட்டுத்தனம் மறுபக்கம். இன்று உலகில் சாகுபடியாகும் கரும்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் நாணலின் குரோமோசோம்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு உண்டு. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு இனித்ததாகச் சொல்வார்கள். இவர்கள் அதை வயலிலேயே செய்துகாட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தத் தொகுப்பில் முதல் வரிசை நாணலுக்குத்தான்.

கண்ணூருக்குப் பக்கத்துத் தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், கோயம்புத்தூர் நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்தார். அதே நிலையத்தில் மூங்கிலோடும் கலந்தார்கள். ஆமாம், மூங்கில்! அந்த நிலையத்தாரிடமிருந்து தென்னை எப்படித் தப்பியதோ.

ஆனைகட்டி வழியாக அட்டப்பாடி போகிறவர்களுக்கு ஒரு செய்தி: அகளியிலும் இதே நிலையத்தின் ஆய்வு மையம் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்து நண்பர்களே, உங்கள் தாத்தா நட்ட கரும்பின் பெயர் என்ன? வீட்டில் கேட்டுக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். 'கோ' என்று தொடங்கினால் எண்ணையும் விடாமல் எழுதுங்கள். அதன் தாய் தகப்பன் யார் என்று அடுத்த வீடியோவில் தேடிப் பார்ப்போம்.