புதன்கிழமைக் கூலி

நடுவர் ஐயா அவர்களுக்கும், மழை வந்துவிடுமோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

"தடுப்பூசி எல்லோரையும் சென்று சேராததற்குப் பெரிய காரணம் மக்களின் அவநம்பிக்கையா, சமூக ஏற்றத்தாழ்வா?" இதுதான் தலைப்பு. ஏற்றத்தாழ்வே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் எதிரணித் தலைவர் அண்ணன் பன்னிரண்டு நிமிடம் பேசினார். அதில் ஒன்பது நிமிடம் வாட்ஸ்அப்பைத் திட்டினார். மீதி மூன்று நிமிடம் செல்போனைப் பார்த்துப் படித்தார். குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் வந்திருந்தது ஐயா, பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிக்குப் பின்னால் அடுக்குமாடி கட்டுகிறார்கள். அங்கே சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண், மூத்த பையனைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதில் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, அதோடு குழந்தையின் தடுப்பூசி அட்டை. ஆசிரியைக்குத்தான் எதைப் பார்த்தாலும் திருத்துகிற புத்தி ஆயிற்றே, அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒன்றரை மாத ஊசி போட்டிருக்கிறது. இரண்டரை மாத ஊசி போட்டிருக்கிறது. மூன்றரை மாதம் காலி. ஒன்பதாம் மாதம் காலி.

"ஏம்மா, பயமா?" என்றேன். படித்த திமிர் ஐயா, முதலில் அதுதான் வாயில் வந்தது. அவள் சிரித்தாள். "பயமெல்லாம் இல்ல டீச்சர். ஊசி புதன்கிழமைதான் போடுறாங்க. புதன்கிழமை போனா அன்னைக்குக் கூலி போச்சு. ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் வரும், மறுநாள் கூலியும் போச்சு. ரெண்டு நாள் வரலைன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு." அப்புறம் அந்த இடத்தில் வேலை முடிந்து இங்கே வந்திருக்கிறாள். வந்த இடத்தில் கேட்டதற்கு, "உங்க ஊர்லயே போய்ப் போட்டுக்க" என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது எதிரணியைக் கேட்கிறேன். இந்தப் பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? ஊசியை நம்பாதவள், குடியிருக்க வீடே இல்லாத ஊரில் அந்த அட்டையை மட்டும் நனையாமல் கவர் போட்டு வைத்திருப்பாளா? மறுத்தவர் வேறு, விடுபட்டவர் வேறு. மேலே இருந்து எண்ணும்போது இரண்டு பேரும் "போடாதவர்" என்ற ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகிறார்கள்.

அண்ணன் 2017-ஐ எடுத்தார். அந்த பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டார்கள். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை, தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 1.76 கோடி பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பெற்றோர் தயங்கினார்கள். கெடுவை நீட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தயங்கியது யார்? நகரத்துத் தனியார் பள்ளிப் பெற்றோர் அதில் நிறையப் பேர். "எங்கள் டாக்டர் ஏற்கெனவே போட்டுவிட்டார்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு டாக்டர் இருந்தார். அரசு ஊசியை அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு கதவு திறந்திருக்கும். மறுப்பதற்கே ஒரு வசதி வேண்டும் ஐயா. சித்தாள் பெண்ணுக்கு இருந்தது ஒரே கதவு, அதுவும் புதன்கிழமை மட்டும் திறக்கும்.

கொரோனாவுக்கு வருவோம். 2021 மே மாதம், 18 வயது தாண்டியவர்களுக்கு ஊசி என்றார்கள். முதலில் கோவின் தளத்தில் பதிய வேண்டும். ஓ.டி.பி. வரும், போட வேண்டும், இடம் காலியா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடிப்பதற்குள் காலி இடம் காலியாகிவிடும். எங்கள் தெரு டீக்கடைத் தம்பிக்காக நான் நாலு நாள் முயன்றேன். ரயில் தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய கை, எனக்கே கிடைக்கவில்லை. ஜூன் மாதம் வரை அந்தத் தளத்தில் தமிழ் கிடையாது. நகரத்து ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு போய் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர்க்காரர் திண்ணையில் உட்கார்ந்து காரை எண்ணிக்கொண்டிருந்தார். இந்தப் பிளவைப் பற்றி உச்ச நீதிமன்றமே அந்த மே மாதக் கடைசியில் மத்திய அரசைக் கேள்வி கேட்டது.

காசு கொடுத்துப் போடலாமே என்றால், தனியார் மருத்துவமனைக்கு ஜூனில் அரசு வைத்த உச்சவிலை ஒரு டோஸ் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நாள் கூலி 273 ரூபாய். கணவன், மனைவி, ஆளுக்கு இரண்டு டோஸ் கோவிஷீல்டு: 3,120 ரூபாய். பதினோரு நாள் மண் வெட்டினாலும் நூறு ரூபாய்க்கு மேல் குறையும். கணக்கு டீச்சர் ஐயா, தப்பு வராது.

எதிரணித் தங்கை நடிகர் விவேக்கைச் சொல்லிக் கண்கலங்கினார். எனக்கும்தான் தொண்டை அடைத்தது. 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே போய், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மறைந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள், மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அக்டோபரில் அதையே சொன்னது. ஆனாலும் ஊர் பயந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க 40 ஆயிரம் முகாம். பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், பஸ் ஸ்டாண்ட் என்று தெருவுக்குள்ளேயே வந்தது ஊசி. 20 லட்சம் பேருக்குப் போட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள்! அதே மக்கள். அதே வாட்ஸ்அப். இரண்டாம் அலையில் பார்த்த சாவுகளும் மனசை மாற்றின, இல்லை என்று சொல்லவில்லை. ஊசி வரத்தும் கூடியிருந்தது. ஆனால் ஓ.டி.பி. இல்லாமல், பஸ் செலவு இல்லாமல், கூலி போகாமல் ஒரு ஊசி வீட்டு வாசலுக்கு வந்தால் எத்தனை பேர் சட்டைக் கையைச் சுருட்டுவார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்தோமா இல்லையா?

இதில் ஒரு வேடிக்கை. போகப் போக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்தது. காரணம் தெரியுமா? ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கும் கோவிஷீல்டுக்கும் நேருக்கு நேர் மோதல், கறிக்குழம்பு ஜெயித்துவிட்டது. அண்ணன் இதை மூடநம்பிக்கை என்பார். நான் என்ன கேட்கிறேன் என்றால், வாரத்தில் ஒரே நாள் கறி எடுக்கிற வீட்டுக்காரன் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுப்பானா? தினமும் கறி சாப்பிடுகிறவனுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது! சுகாதாரத்துறை அமைச்சர் யாரையும் திட்டவில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். இந்த ஒரு விஷயத்துக்காக அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுக்கலாம்.

இப்போது கொஞ்சம் கனமான இடம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. மாநிலமே ஆடிப்போனது. அதற்குப் பிறகு அரசு ஒரு முடிவெடுத்தது. கிராமத்துக்குள் வந்து நர்ஸம்மா ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் துணை சுகாதார நிலையம் என்பது சுமார் 5,000 பேருக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு ஒன்று. தெருக்கோடியில் இருந்த ஊசி பஸ் ஏறிப் போகிற தூரத்துக்குப் போய்விட்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 2005-06-இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 81. பத்து வருஷம் கழித்து அது 70. நாட்டின் சராசரி ஏறிக்கொண்டிருக்கிற காலத்தில் நாம் இறங்கியிருக்கிறோம். ஒரு காரணத்தால் மட்டும் இறங்கியது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அந்த நான்கு சாவுக்குப் பிறகு பயந்துபோய்த் தூரத்தைக் கூட்டியது யார்? மக்களா? "மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது" என்று எதிரணி சொல்கிற இடத்தில் முதலில் நம்பிக்கை போனது மேலே இருந்தவர்களுக்கு. பிறகு ஊசி மறுபடி ஊருக்குள் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மகப்பேறு உதவித்தொகையின் தவணைகளில் ஒன்றைக் குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்துக் கட்டினார்கள். போன கூலிக்குக் கொஞ்சமாவது ஈடு. 2019-21 ஆய்வில் நூற்றுக்கு 89.

"சரி, அவநம்பிக்கையே கிடையாதா?" என்று நடுவர் ஐயா புருவத்தைத் தூக்குகிறீர்கள். உண்டு. அது எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான் என் வாதம். 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துக்கு வாருங்கள். அப்போது ஒன்றுபட்ட ஆந்திரா. கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றும், ஐ.சி.எம்.ஆர். என்கிற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு. பிள்ளைகளில் நிறையப் பேர் பழங்குடியினர், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள். ஊசியால் இறந்ததாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் விசாரித்தபோது வேறொன்று வெளியே வந்தது. 9,543 ஒப்புதல் படிவங்களைப் பார்த்ததில் 2,763-இல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். 1,948-இல் கைரேகை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஐயா, என் வகுப்புப் பிள்ளையை மகாபலிபுரம் சுற்றுலா கூட்டிப்போவதற்கே அப்பா கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏற்றுகிறேன். காட்டில் இருக்கிற அந்த அப்பனைத் தேடிப் போய் ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லையா? ஐதராபாத்தில் பெரிய பள்ளி ஒன்றில் வார்டன் கையெழுத்தோடு இப்படி ஊசி போட்டிருப்பார்களா? இத்தனைக்கும் அது நல்ல ஊசி. என் மகளுக்கு நானே போட்டிருக்கிறேன், தனியாரில், சில ஆயிரம் கொடுத்து. என்னிடம் டாக்டர் கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். அங்கே விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் வார்டன் கையெழுத்து. நாளைக்கு அந்த ஊரில் ஒரு தாய் ஊசி வேண்டாம் என்று சொன்னால், அவளை அறியாதவள் என்று எழுத உங்கள் பேனா ஓடுமா?

உத்தரப் பிரதேசத்துப் போலியோ கதையையும் எதிரணி சொன்னார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள், நான் முடிக்கிறேன். 2006-இல் இந்தியாவில் 676 பிள்ளைகளுக்குப் போலியோ, பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். ஏழை முஸ்லிம் தெருக்களில், சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளைக்கு வாரிசு இருக்காது என்று பேச்சு. அபத்தம்தான். ஆனால் அவசரநிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக் கருத்தடை செய்த நினைவு அந்த மண்ணில் ஆறவில்லை. சூடு கண்ட பூனை. போதாததற்கு, தெருவில் சாக்கடை தேங்கி நிற்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, டாக்டர் எட்டிப் பார்ப்பதில்லை. சொட்டு மருந்துப் பெட்டி மட்டும் மாதாமாதம் கதவைத் தட்டுகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்றுதானே தோன்றும்?

எப்படிச் சரியானது? பள்ளிவாசலில் அறிவிப்பு வந்தது, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தார் துணைக்கு வந்தார்கள். அது நம்பிக்கை வேலை, உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் 2009-இல் உத்தரப் பிரதேசம், பீகாரில் 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, சொட்டு மருந்தோடு சுத்தமான தண்ணீர், கழிப்பறை, வயிற்றுப்போக்கு மருந்து என்று இறங்கினார்களே, அது யார் கணக்கு? 2011 ஜனவரி 13, ஹவுராவில் ஒரு குழந்தை. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு பிள்ளைகூட முடங்கவில்லை.

வெளிநாடு ஒன்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன். ஆப்பிரிக்கர்கள் ஊசியை நம்பவில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. 2021 பிப்ரவரியில் 130 நாடுகளுக்கு ஒரு டோஸ் கூடப் போய்ச் சேரவில்லை என்று ஐ.நா. பொதுச் செயலாளரே சொன்னார். மலாவிக்கு வந்த ஊசியில் ஒரு பகுதி, காலாவதி ஆக மூன்று வாரம்கூட மீதி இல்லாமல் வந்து இறங்கியது. மே மாதம் 19 ஆயிரத்துச் சொச்சம் டோஸைக் கொளுத்தினார்கள். பந்தி முடிந்து, சோறு ஊசிப்போகிற நேரத்தில் இலை போட்டுவிட்டு, இவன் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று ஊரெல்லாம் சொன்ன கதை.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன் ஐயா. அந்தச் சித்தாள் பெண்ணைப் பற்றி எங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் எங்கேயோ பேசி, ஏற்பாடு செய்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூலி பட்டுவாடா நடக்கிற நேரத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே ஊசிப் பெட்டியோடு வந்தார். செங்கல் அடுக்கின் மேல் நோட்டை வைத்துப் பெயர் எழுதினேன். பதினோரு பிள்ளைகள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் வாட்ஸ்அப்பை எடுக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் வரிசையில் வந்து நின்று, "எனக்கும் ஒண்ணு போடும்மா, மூட்டு வலிக்கு" என்று கையை நீட்டிவிட்டார்.

அந்தப் பாட்டியை எந்த அணியில் சேர்ப்பது என்று தீர்ப்பில் சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.