பெட்டி யார் வீட்டுக்கு?

நடுவர் அவர்களே! தொழிலில் பரிசளிப்பது பண்பாடா, லஞ்சமா என்ற வழக்கில், லஞ்சமே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் ஜப்பான், கொரியா என்று நம்மை ஊர் ஊராக அழைத்துப்போய், "அங்கெல்லாம் வெறுங்கையோடு போனால் மரியாதைக் குறைவு" என்றார். நான் கொரியாவிலேயே இறங்கிக்கொள்கிறேன்.

தென்கொரியாவில் சூசொக் அறுவடைத் திருநாளுக்குப் பரிசுப் பெட்டி அனுப்புவது வழக்கம். அந்த நாடுதான் 2016இல் அதற்கு அளவுகோல் வைத்தது. சட்டத்தை முன்மொழிந்தவர் கிம் யங் ரான். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அன்று அரசு ஊழியருக்கு விருந்து என்றால் கொரியப் பணத்தில் 30,000 வொன், பரிசு என்றால் 50,000 வொன். அதற்கு மேல் கூடாது என்றது சட்டம். சட்டம் வந்த கையோடு ஒரு பெண்மணி, தன் புகாரை விசாரிக்கும் போலீஸ்காரருக்கு 45,000 வொன்னுக்கு அரிசிப் பலகாரம் அனுப்பினார். வரம்புக்குள்தானே என்கிறீர்களா? போலீஸ்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலிடத்தில் சொல்லிவிட்டார். நீதிமன்றம் விதித்த அபராதம் 90,000 வொன்! புகார் அவர் கையில் இருக்கும்போது பலகாரத்துக்கும் வாய் முளைக்கும் என்பது கொரியர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"மேற்கத்திய நேர்மையை நம் தலையில் கட்டாதீர்கள்" என்றும் நண்பர் கொதித்தார். ஐயா, ஜெர்மனியில் 1999 வரை, வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. இதில் யார் யாருக்குப் பாடம் நடத்துவது?

நம் ‘மாமூல்’ இருக்கிறதே, அது அரபியிலிருந்து வந்த சொல். வழக்கமானது என்று பொருள். வழக்கம், வழக்கம் என்று வாங்கி வாங்கி அந்தச் சொல்லே லஞ்சமாகிவிட்டது. மொய் அப்படியா? நோட்டில் எழுதுகிறோம், அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். தீபாவளிப் பெட்டியை எந்த நோட்டில் எழுதினோம்?

என் அப்பா ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தவர். தீபாவளி வந்தால் எங்கள் மேசை கொள்ளாது. ஓய்வுபெற்ற வருடம், பண்டிகைக்கு முதல் நாள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா மேசையை ஒழித்து வைத்தார். முந்திரிப் பெட்டியோடு இறங்கிய பையன் ஒரு சீட்டை நீட்டி, "இந்த வீடு எங்கே இருக்கிறது, சார்?" என்று கேட்டான். அப்பாவின் நாற்காலிக்கு வந்தவருடைய முகவரி அது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை போய் வழி காட்டிவிட்டு வந்தார்.