11 லட்சத்துக்கு வித்த ஓட்டோ, கணக்குக் கொப்பில 0 ரூபா! எப்பிடி?

[டச் பே கடற்கரை. பின்னால கோணேசர் மலை. கையில பழைய சீஆர் கொப்பி.]

வணக்கம் உறவுகளே. கையில இருக்கிறது என்ட மாமாட கணக்குக் கொப்பி. 2017 கடைசில 7 லட்சம் குடுத்து ஓட்டோ ஒண்டு வாங்கினார். உப்புவெளி ஹோட்டல்களில நிக்கிற ஆக்களக் கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில், கோட்டை எண்டு ஏத்தி இறக்கிறதுக்கு. 2022 முடியேக்க இந்தக் கொப்பில அந்த ஓட்டோட பெறுமதி பூச்சியம். பாருங்க, கோடு போட்டு 0 எண்டு எழுதியிருக்கு.

அடுத்த வருசம் அதே ஓட்டோவ 11 லட்சத்துக்கு வித்தார். சீற் கிழிஞ்சு ஸ்பொஞ்சு வெளில எட்டிப் பாக்கிற ஓட்டோ! ஏனெண்டு உங்களுக்கும் தெரியும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினவங்க. பழசெல்லாம் தங்கமாப் போச்சு.

மாமா கணக்கு எழுதின பெடியனக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, அஞ்சு வருசமா தேயுது தேயுது எண்டு எழுதினீரே, எங்க தேஞ்சது?"

பெடியன்ட பதில் கடைசில வரும். இடையில போயிடாதீங்க. சப்ஸ்கிரைப் பண்ணாத ஆக்கள் இப்பவே பண்ணிட்டு வாங்க, நான் இங்கதான் நிப்பன்.

[திரையில்: பெறுமானத்தேய்வு = தேய்மானம்]

ஏஎல் கணக்கீடு படிச்ச ஆக்களுக்கு இது பெறுமானத்தேய்வு. இந்தியப் பக்கம் தேய்மானம். நான் தேய்மானம் எண்டே சொல்லுறன், வாய்க்கு லேசு.

கணக்கு ரெண்டே வரி. வாங்கின விலையில, கடைசில வித்தா வரும் எண்டு நினைக்கிற எஞ்சிய பெறுமதியக் கழியுங்க. மிச்சத்தப் பாவிக்கப்போற வருசத்தால பிரியுங்க. 7 லட்சம், எஞ்சிறது ஒண்டுமில்ல, அஞ்சு வருசம். வருசத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். இதுதான் நேர்கோட்டு முறை. முதல் வருசங்களில கூடவும் போகப்போகக் குறைச்சும் போடுற குறைந்து செல் மீதி முறையும் இருக்கு. அத விடுங்க.

இப்ப கவனிங்க. இந்தக் கணக்கில இண்டையச் சந்தை விலை எங்கயாவது வந்ததா? வரவே இல்ல! தேய்மானம் எண்ட பேரே ஒரு மோசடிப் பேர். சாமான்ட விலை எவ்வளவு விழுந்தது எண்டு அது சொல்லேல்ல. ஒரு நாளில குடுத்த 7 லட்சத்த, அந்த ஓட்டோ உழைச்சுக் குடுக்கிற வருசங்களுக்குப் பங்கு போடுது, அவ்வளவுதான். முழு 7 லட்சத்தையும் 2017லயே செலவு எண்டு எழுதினா, அந்த வருசம் மாமா பிச்சைக்காரன், அடுத்த அஞ்சு வருசமும் பணக்காரன். ரெண்டும் பொய்.

[காட்சி: சாம்பல்தீவுக் கரை. கவிழ்த்து வச்ச பைபர் படகு.]

எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்திட்டம். மார்கழி மாசம். வாடைக் காத்து அடிக்கேக்க எங்கட பக்கக் கடல் எப்பிடிக் கொந்தளிக்கும் எண்டு திருகோணமலை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. படகக் கவிழ்த்து, மேல கிடுகு போட்டு மூடியாச்சு. இன்ஜின் வீட்ட. வீட்ட கொண்டு போனவுடன முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு பரலில நல்ல தண்ணி நிரப்பி, இன்ஜின்ட அடிப்பகுதிய அதுக்குள்ள விட்டு ஓட விடுவாங்க. உள்ளுக்கு இருக்கிற உப்புத்தண்ணி எல்லாம் கழுவுப்பட்டு வெளில வரும். பிறகு மரச் சட்டத்தில மாட்டி, உரச் சாக்கால போர்த்து, பிள்ளையைப் படுக்க வச்ச மாதிரி ஒரு மூலையில வச்சிடுவாங்க.

இப்ப கேள்வி. மூண்டு மாசம் படகு கடலுக்குப் போகேல்ல. தேய்மானம் போடணுமா?

போடணும்! இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்கேஏஎஸ் 16 தெளிவாச் சொல்லுது: சொத்து சும்மா கிடக்குது எண்டதுக்காகத் தேய்மானம் நிக்காது. மணித்தியாலக் கணக்கில, உற்பத்திக் கணக்கில தேய்மானம் போடுற முறையை எடுத்திருந்தா மட்டும்தான் ஓடாத மாசத்துக்குப் பூச்சியம் வரலாம்.

கணக்குப் போட்டே பாப்பம். படகையும் இன்ஜினையும் ஒண்டா எழுதக்கூடாது. ரெண்டின்ட ஆயுளும் வேற, ரெண்டும் பெரிய பகுதி, அப்ப வேற வேறயாப் போடணும். படகு 8 லட்சம், 10 வருசம், கடைசில ஒண்டும் மிஞ்சாது: வருசத்துக்கு 80 ஆயிரம். இன்ஜின் 6 லட்சம், 5 வருசம், கடைசில 1 லட்சத்துக்கு விக்கலாம்: வருசத்துக்கு 1 லட்சம். கூட்டினா 1 லட்சத்து 80 ஆயிரம், மாசம் 15 ஆயிரம். வாடைக் காலத்து மூண்டு மாசத்துக்கு 45 ஆயிரம், ஒரு மீன் கூடப் படாமல்.

அதனாலதான் சீசன் முடிஞ்ச கையோட பூட்டுப் போடுற நிலாவெளி ஹோட்டல்களும் அந்த மாசங்களில நட்டம் காட்டும். கரண்ட் பில் குறையும், ஆக்கள் குறைவா வேலைக்கு நிப்பாங்க, தேய்மானத்துக்கு மட்டும் லீவே இல்ல.

இந்தக் கணக்கப் படகு வச்சிருக்கிற ஒரு சம்மாட்டிட்ட சொன்னன். அவர் சிரிச்சிட்டு, "தம்பி, கரையில கிடக்கிற படகுதான் கெதியாப் பழுதாகும்" எண்டார். நியமம் எழுதின ஆக்கள் சாம்பல்தீவுக்கு வந்து போயிருப்பாங்களோ!

[காட்சி: பிரெட்ரிக் கோட்டை. மான்கள்.]

இதில இன்னுமொரு விசித்திரம். தென்னை மரத்துக்குத் தேய்மானம் உண்டு. பால் மாட்டுக்குப் பொதுவா இல்ல! காய் தந்து கொண்டிருக்கிற தென்னை, ரப்பர், தேயிலைச் செடியெல்லாம் 2016 இல இருந்து இயந்திரம் மாதிரித்தான். செலவழிச்ச காசைப் பங்கு போட்டுத் தேய்க்கணும். மாடு அப்பிடியில்ல, ஒவ்வொரு வருச முடிவிலயும் இண்டைக்கு வித்தா என்ன வரும் எண்டு விலை பாக்கிறது. மூதூர்த் தயிர்ச் சட்டிக்குப் பின்னால இருக்கிற மாடு சந்தை விலையில நிக்குது, பக்கத்து வளவுத் தென்னை தேய்மானத்தில நிக்குது. கணக்காளர் மாருக்கு மட்டும்தான் இது சாதாரண விசயம்.

மான் எதில சேரும் எண்டு கேக்காதீங்க. இந்தா நிக்கிற மான் என்ட ஸ்கிரிப்ட் தாளில ஒரு பக்கத்தச் சாப்பிட்டிட்டுது. தேய்மானத்துக்குள்ளயும் ஒரு மான் இருக்கு எண்டது இண்டைக்குத்தான் விளங்கிச்சு.

[காட்சி: சீனக்குடா வரைபடம்.]

அடுத்தது அமோர்டைசேஷன். பயப்பிட ஒண்டுமில்ல, தேய்மானத்தின்ட தம்பி. தொட்டுப் பாக்கிற சாமானுக்குத் தேய்மானம். தொட்டுப் பாக்க ஏலாத சொத்து, அதாவது மென்பொருள், காப்புரிமை, அனுமதிப்பத்திரம் போல, காலம் தெரிஞ்ச உரிமைகளுக்கு அமோர்டைசேஷன். கணக்கு ஒண்டேதான். 5 வருச லைசன்ஸ் எண்டா அஞ்சாப் பிரி.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளப் பாருங்க. வெள்ளைக்காரன் கட்டினது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன்ட குண்டுவீச்சையும் பாத்தது, இப்பவும் 99 நிக்குது, அதில கொஞ்சம் பாவனையில. கட்டின நேரம் எந்தக் கணக்காளராவது இதுக்கு எண்பது, தொண்ணூறு வருச ஆயுள் எழுதியிருப்பாரா? புத்தகத்தில எப்பவோ பூச்சியம் ஆகியிருக்க வேண்டிய சாமான். 2022 ஜனவரியில செய்த ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஒயில்ட துணைக் கம்பனி லங்கா ஐஓசிக்கு, 24 அரசாங்கத்தின்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேருக்கும் பொதுவான கம்பனிக்கு. குத்தகை 50 வருசம். இங்க தாங்கிட இரும்புக்கு வயசு எத்தின எண்டது முக்கியமில்ல, உரிமைக்கு எத்தின வருசம் எண்டதுதான். குத்தகைக் காணியில நீங்க காசு போட்டு ஒரு கட்டடம் எழுப்பினா, கட்டடம் 80 வருசம் நிண்டாலும், குத்தகையத் திரும்ப நீட்டுவாங்க எண்ட உறுதி இல்லையெண்டா, 50 வருசத்துக்குள்ள செலவு எழுதி முடிக்கணும்.

(கொமெண்டில சண்டைக்கு வாற சீஏ படிக்கிற தம்பிமாருக்கு: ஓம், குத்தகைச் சொத்தத் தேய்க்கிறதையும் நியமம் தேய்மானம் எண்டுதான் சொல்லுது. எனக்குத் தெரியும்.)

நன்மதிப்பு, அதாவது ஒரு கம்பனிய வாங்கேக்க அதின்ட தேறிய சொத்துப் பெறுமதிய விடக் கூடக் குடுத்த காசு, பெரிய கம்பனிகளில தேயிறதே இல்ல. வருசா வருசம் சோதிச்சு, பெறுமதி போயிட்டெண்டா ஒரே வெட்டு. அதுக்குத் தனி வீடியோ.

[காட்சி: குப்பை லொறி.]

இப்ப க்ரைம் கதை. நீங்க கவனிச்சிருப்பீங்க, இந்தக் கணக்கில ரெண்டு இலக்கத்த ஊகிச்சுத்தான் எழுதுறம்: எத்தின வருசம், கடைசில எவ்வளவு மிஞ்சும். உண்மையான பில் இல்ல, ரசீது இல்ல. அங்கதான் ஆசை வரும்.

1 கோடி ரூபா லொறி. 8 வருசம், மிச்சம் ஒண்டுமில்ல எண்டா வருசச் செலவு பன்னிரண்டரை லட்சம். அதே லொறிக்கு 10 வருசம், கடைசில 20 லட்சம் வரும் எண்டு எழுதினா? 8 லட்சம். பேனாவ ஒருக்கா அசைச்சதுக்கு, ஒரு லொறிக்கு வருசம் நாலரை லட்சம் இலாபம் கூடிச்சு. ஒரு லீற்றர் டீசல் கூட மிச்சம் பிடிக்கேல்ல.

அமெரிக்காவில வேஸ்ட் மனேஜ்மென்ட் எண்ட குப்பை அள்ளுற கம்பனி இதத்தான் செய்தது எண்டு 2002 மார்ச்சில அங்கத்தப் பங்குச்சந்தை ஆணைக்குழு பழைய அதிகாரிகள் மேல வழக்குப் போட்டது. குப்பை லொறிகளின்ட ஆயுளக் கூட்டினது, கடைசி விலையை ஊதிப் பெருப்பிச்சது, முந்தி மிச்சமே இல்லாத சாமானுக்கும் மிச்ச விலை போட்டது. வேற கணக்குப் பிழைகளையும் சேத்து 1998 இல கம்பனி திருத்தி எழுதின தொகை 170 கோடி டொலர்! ஹொலிவூட்காரர் வங்கிக் கொள்ளையத்தான் படம் எடுப்பாங்க. எனக்குக் குடுத்தா குப்பை லொறிட வயசக் கூட்டினவங்களத்தான் எடுப்பன்.

எல்லாரும் களவெடுக்கிறாங்க எண்டு சொல்லேல்ல. ஊகம் எண்டா நேர்மையான ஆக்களுக்கும் வித்தியாசமா வரும். 2025 தொடக்கத்தில மெட்டா தன்ட சேர்வர்களின்ட ஆயுள ஐந்தரை வருசமாக் கூட்டிச்சு, அந்த வருசத் தேய்மானம் சுமார் 290 கோடி டொலர் குறையும் எண்டு சொல்லிச்சு. அதே நேரம் அமேசன் ஒரு பகுதி சேர்வர்களுக்கு 6 வருசத்த 5 ஆக்கிச்சு, செயற்கை நுண்ணறிவு ஓடுற வேகத்தில சாமான் கெதியாப் பழசாகுதாம். ஒரே தொழில், ஒரே மாதிரிப் பெட்டி, ரெண்டு திசை. பங்கு வாங்கிற ஆக்கள் கம்பனி ஆண்டறிக்கையில கணக்குக் கொள்கைக் குறிப்பத் திறந்து, ஆயுள் எத்தின வருசம் போட்டிருக்கு, போன வருசம் எத்தின எண்டு ஒப்பிடுங்க. இலாபத்தப் பாக்கிறதுக்கு முதல் நான் அதத்தான் பாப்பன்.

[திரும்ப டச் பே.]

ஒரு வெக்கக்கேடு சொல்லட்டா? ஏஎல் படிக்கேக்க "திரண்ட பெறுமானத்தேய்வு" (இதுவரைக்கும் போட்ட தேய்மானத்தின்ட கூட்டுத்தொகை) எண்ட வரியப் பாத்திட்டு, கம்பனி எங்கயோ தகரப் பெட்டியில காசு சேத்து வச்சிருக்கு எண்டு கன காலம் நம்பினன். அப்பிடி ஒரு பெட்டியும் இல்ல. காசு சாமான் வாங்கின அண்டைக்கே போயிட்டு. காசு வந்து போனதக் காட்டுற காசுப்பாய்ச்சல் கூற்றில தேய்மானத்த இலாபத்தோட திரும்பக் கூட்டுறதுக்கும் அதுதான் காரணம்: இந்த வருசம் அதுக்காகக் கைக்காசு போகேல்ல. தேய்மானம் காசு உழைச்சுத் தரேல்ல. அது காசு சேத்துத் தரும் எண்டு நம்பி, பஸ் பழசாகேக்க புதுசு வாங்கக் காசில்லாமல் நிண்ட முதலாளிமார எங்கட ஊரிலயும் பாத்திருக்கன். வரிக்கு வேற விதி, 2017 ஆம் ஆண்டு இறைவரிச் சட்டத்தில இருக்கு, இண்டைக்கு வேண்டாம்.

சரி, மாமாட கேள்வி. பெடியன் பொய் எழுதேல்ல, ஒரு வேலைய மறந்திட்டார். ஆயுளையும் எஞ்சிய பெறுமதியையும் வருசத்துக்கு ஒருக்காவாவது திரும்பப் பாக்கணும். 2020 முடியேக்க கொப்பில 2 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் இருந்தது. கடைசில வித்தா அதவிடக் கூட வரும் எண்டு அப்பவே தெரிஞ்சிட்டெண்டா, தேய்மானம் அந்த இடத்தில நிண்டிருக்கும். 2021, 2022 ரெண்டு வருசமும் பூச்சியச் செலவு. விக்கேக்க 11 லட்சம் இலாபம் எண்டு வந்திராது, 8 லட்சத்து 20 ஆயிரம் எண்டுதான் வந்திருக்கும்.

இத மாமாக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். தேத்தண்ணிய வச்சிட்டு அவர் கேட்டது:

"அப்ப அந்த ரெண்டு வருசமும் நட்டம் நட்டம் எண்டு நான் மாமியோட பிடிச்ச சண்டைய எந்தப் பக்கத்தில எழுதுறது?"