காதால் வழி தேடும் கங்கை டால்பின்

அனைவருக்கும் வணக்கம்.

டால்பின் என்றதும் நீலக் கடலும் அலைக்கு மேலே ஒரு துள்ளலும்தான் நம் மனதில் வரும். நான் இன்று பேச வந்தது கலங்கல் தண்ணீரிலேயே பிறந்து வளரும் கங்கை டால்பினைப் பற்றி. 2009-இல் இதை நம் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். அப்படியும் நம்மில் பலர் இதன் படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இதோ, திரையில் பாருங்கள். நீண்டு மெலிந்த மூக்கு, வாயை மூடினாலும் வெளியே துருத்தும் பற்கள். கண் எங்கே? தேடத்தான் வேண்டும். ஊசித்துளை அளவுதான் அது. உள்ளே லென்ஸ் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று உணரலாம், உருவம் தெரியாது. வண்டல் கரைந்த அந்த நீரில் நல்ல கண் இருந்தாலும் என்ன பயன்?

சரி, மீனை எப்படிப் பிடிக்கிறது? மூக்குப் பாதையில் 'கிளிக் கிளிக்' என்று ஒலி எழுப்புகிறது. நெற்றியிலுள்ள கொழுப்புத் திரள் அதைக் குவித்து முன்னே அனுப்பும். மீன்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கி உட்காதுக்குக் கடத்தும். கடல் டால்பின்களும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் இதன் மண்டையோட்டில், நெற்றிக்கு மேல் இரண்டு எலும்புத் தகடுகள் வளைந்து நிற்கும். அது இதன் நெருங்கிய உறவான சிந்து ஆற்று டால்பினைத் தவிர வேறு டால்பின்களிடம் இல்லாத அமைப்பு. அந்த ஒலி சுமார் 60 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்கு 20-க்கு மேல் எட்டாது. ஆற்றுக்குள் ஓயாமல் ஒலி ஓடிக்கொண்டிருக்க, படகில் இருக்கும் நமக்கு அது மூச்சு விடும் 'சூஸ்' மட்டும்தான் கேட்கும்.

அப்புறம், இது ஒருக்களித்து நீந்தும். துடுப்பு அடிமண்ணை உரச, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி சேற்றில் பதுங்கிய மீனையும் இறாலையும் துழாவும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

ஆபத்துகள் பல. மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபராக்கா தடுப்பணை 1975 முதல் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. வலையில் சிக்கிச் சாவதும் உண்டு. 2025-இல் வெளியான கணக்கெடுப்பில் இந்திய ஆறுகளில் மொத்தம் 6,327 டால்பின்கள். அவற்றில் 3 பியாஸ் ஆற்றில் வாழும் சிந்து வகை.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இரைச்சலை. ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் தேசிய நீர்வழியில் சரக்குக் கப்பல்கள் போகின்றன. கோடையில் நீர் வற்றும்போது இயந்திர இரைச்சலிலிருந்து ஒதுங்கக்கூட டால்பினுக்கு இடமில்லை. சந்தைக் கூச்சலுக்கு நடுவே பேசுவது போல அது மேலும் பாடுபட்டு ஒலி எழுப்ப வேண்டும். அதற்குக் கூடுதல் இரையும் வேண்டும்.

பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்கான் வரை 1991-லேயே சரணாலயம் அமைத்தார்கள். நல்ல வேலை. ஆனால் டால்பின் எல்லைக்கல் பார்த்து நீந்துவதில்லை. கிளையாறு வந்து சேரும் இடங்களிலும் ஆழமான வளைவுகளிலும்தான் இவை கூடும். நீர் குறைந்த மாதங்களில் அங்கெல்லாம் கப்பல்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், தூர்வாருவதை நிறுத்த வேண்டும். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.