முகமூடி போட்ட பூனையும் மூன்று வயதுப் பிள்ளையும்

அவையோருக்கு வணக்கம். எதிரே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆண், பெண் என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே என் பேச்சு. ஆகவே பீடிகை வேண்டாம், ஒரு பூனையிலிருந்து தொடங்குகிறேன்.

1960-களில் அமெரிக்காவில் ரீட்டா டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் மேனார்ட் என்னும் சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு அதன் முன்பகுதியைத் திரையால் மறைத்து, முகத்தில் நாய் முகமூடி மாட்டினார். வால் மட்டும் பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே இருந்தது. திரையை விலக்கி, ‘இது என்ன?’ என்றார். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் நாய் என்றே சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

ஆண், பெண் என்பதையும் பிள்ளைகள் இப்படித்தான் படிப்படியாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1966-இல் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் எழுதினார். இரண்டு, மூன்று வயதில் ‘நான் பையன்’ என்று சொல்லத் தெரியும். ஆனால் ‘பெரியவனானதும் அம்மா ஆவேன்’ என்றும் அதே வாய் சொல்லும். நான்கு வயது வாக்கில், பையன் வளர்ந்தால் அப்பாதான் ஆவான் என்பது பிடிபடுகிறது. பாவாடை கட்டினாலும் பையன் பையன்தான் என்று உறுதியாகத் தெரிய ஆறேழு வயதாகிவிடுகிறது. அதுவரை உடையும் முடியுமே சாட்சி. மொட்டை போட்ட பெண் குழந்தையை ‘தம்பி, உன் பேர் என்ன?’ என்று கேட்கும் நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை!

உளவியலாளர் சாண்ட்ரா பெம்மின் மகன் ஒருநாள் தலையில் கிளிப் மாட்டிக்கொண்டு மழலையர் பள்ளிக்குப் போனான். ‘நீ பெண்தான், பெண்கள்தான் கிளிப் போடுவார்கள்’ என்றான் இன்னொரு சிறுவன். ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலில்தான் வேறுபாடு என்று வீட்டில் கற்றிருந்த இவன், உறுப்பின் பெயரைச் சொல்லியே வாதாடினான். ‘அது எல்லோருக்கும்தான் இருக்கிறது, கிளிப் பெண்களுக்கு மட்டும்தான்’ என்று வந்தது பதில். அந்தச் சிறுவனுக்கு இதை யாரும் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். பார்த்ததையெல்லாம் கூட்டிக் கழித்து அவனே வகுத்த சட்டம் அது. பாராட்டியும் கண்டித்தும் நாம்தான் பிள்ளையை ஆணாகவோ பெண்ணாகவோ வார்க்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

அதற்காகக் கோல்பர்க் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதிட வரவில்லை. பாலினம் மாறாது என்று தெளிந்த பிறகே பிள்ளை தன் பாலினத்தாரைப் பின்பற்றத் தொடங்கும் என்றார் அவர். ஆனால் அந்தத் தெளிவு வருவதற்கு வெகு முன்பே பிள்ளைகள் பொம்மையையும் லாரியையும் பிரித்துவிடுகிறார்கள். தான் எந்தக் கட்சி என்று தெரிந்தாலே போதும் போலிருக்கிறது.

கட்சி தெரிந்துவிட்டால் கண்ணும் அதற்கேற்பவே பார்க்கிறது. உளவியலாளர்கள் கரோல் மார்ட்டினும் சார்லஸ் ஹால்வர்சனும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டினார்கள். சில படங்களில் வேலை தலைகீழாக இருக்கும், ஒரு சிறுமி மரம் அறுப்பதுபோல. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மரம் அறுத்தது பையன் என்று பல பிள்ளைகள் தயங்காமல் சொன்னார்கள். பாடநூலில் பெண் விமானியின் படம் ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: அடுத்த வாரமும் அதே படத்தைப் பற்றிக் கேளுங்கள். விமானி ஆணாகியிருந்தால் புத்தகத்தைத் திறந்து மறுபடி காட்டுங்கள்.

ஐந்தாறு வயதில் இந்தக் கண்டிப்பு உச்சத்தில் இருக்கும். வீட்டில் அம்மா ஸ்கூட்டர் ஓட்டினாலும், வண்டி ஓட்டுவது ஆண்கள் வேலை என்று பெண் குழந்தையே அடித்துச் சொல்லும். பதற வேண்டாம். ஜெர்மனியில் பிள்ளைகளை ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை தொடர்ந்து கவனித்தவர்கள், ஏழெட்டு வயதில் பிடி தளர்வதைக் கண்டார்கள். தொடக்கத்தில் மிகக் கறாராக இருந்த பிள்ளைகளும் பிறகு மற்றவர்கள் அளவுக்கு நெகிழ்ந்துவிட்டார்கள்.